எங்கள் ஜன்னலடியில் ஓடிய இஞ்சின்

திருத்தங்கலில் நாங்கள் குடியிருந்த தெருவில் வண்டி திரும்புவதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. அது எங்கள் வீட்டு வாசல். தண்ணீர்க் குழாய் இருக்கிற இடத்தில் தெரு கொஞ்சம் அகலமாகும், அதற்கு மேல் சந்து. அதனால் பட்டாசுக் கம்பெனி வேன் தினமும் காலையில் வந்து, முன்னும் பின்னும் நகர்ந்து திரும்பி, பின்பக்கத்தை எங்கள் ஜன்னலுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். புகை வருகிற பக்கம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து ஏறி முடிக்கிற வரைக்கும் இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் என் அம்மா படுத்திருப்பாள்.

அவளும் அதே கம்பெனிக்கு, அதே மாதிரி ஒரு வேனில் போய் வந்தவள்தான். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற வேலை. மருந்து என்றால் எங்கள் ஊரில் வெடிமருந்து. குணமாக்குகிற மருந்துக்கு மாத்திரை, டானிக் என்று வேறு பெயர்கள் இருக்கின்றன. சாயங்காலம் அவள் வேனை விட்டு இறங்கும்போது காது மடலிலும் புருவத்திலும் வெள்ளிப் பவுடர் மின்னும். சின்ன வயதில் அதை அழகு என்று நினைத்தேன். அந்தப் பவுடர் அவள் நெஞ்சுக்குள்ளும் போய் மின்னிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். கடைசியில் இளைப்பு வந்து அவளைக் கட்டிலில் போட்டது. கம்பெனி அவள் இடத்தில் அடுத்த வாரமே வேறு ஒருத்தியை உட்கார வைத்தது.

இளைப்பு என்று எழுத ஒரு சொல் போதும். பார்க்கிறவளுக்குப் போதாது. மூச்சு உள்ளே போக ஒரு சத்தம், வெளியே வர வேறொரு சத்தம். ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்துக்குழி உள்வாங்கும். வேன் வந்து நின்றதும் முதலில் ஜன்னல் கம்பி அதிரும், பிறகு டீசல் நெடி வரும், பிறகு அம்மா எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொள்வாள். ஜன்னலைச் சாத்தினால் ஒற்றை அறையில் வெக்கை அவளைக் கொன்றது. திறந்தால் புகை கொன்றது. ஈரத்துணி கட்டித் தொங்கவிட்டேன். ஒரு வாரத்தில் துணி அடுப்பங்கரைத் துணி மாதிரி கறுத்துவிட்டது. கட்டிலை மாற்றிப் போட அந்த வீட்டில் வேறு சுவர் கிடையாது. மூன்று பக்கமும் அடுப்பு, பீரோ, வாசல்.

நான் அப்போது ஓர் அச்சாபீஸில் பட்டாசுப் பெட்டி லேபிள்களை எண்ணிக் கட்டுகிற வேலையில் இருந்தேன். வேன் போன பிறகுதான் நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதனால் தினமும் இந்தக் கூத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கிற பாக்கியம் எனக்கே வாய்த்தது.

ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து மூச்சைத் திறந்துவிட்ட டாக்டர், "புகை, தூசி கூடவே கூடாதும்மா. அவுங்களைக் காத்தோட்டமான இடத்துல வைங்க" என்றார். சிவகாசிப் பக்கம் புகையும் தூசியும் இல்லாத இடம் எங்கே இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அந்த வேனை அணைக்கச் சொல்ல வேண்டும்.

டிரைவர் கெட்ட ஆள் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பேன். அவர் அம்மாவை விசாரிப்பார், என்னைத் தாயி என்பார், குழாயடியில் குடம் தூக்க முடியாமல் நிற்கிறவளுக்குத் தூக்கிவிடுவார்.

"அண்ணே, நிக்கிற நேரமாச்சும் ஆஃப் பண்ணிப் போடுங்கண்ணே. அம்மாவுக்கு மூச்சு முட்டுது" என்றேன்.

"பண்ணலாம் தாயி. செல்ஃப் மக்கர் பண்ணுதே. ஆஃப் பண்ணுனா அப்புறம் நீயும் நானும்தான் தள்ளணும்" என்றார்.

வேனுக்குள் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "நாங்க தள்ள மாட்டோம்ப்பா. தள்ளிட்டுப் போய் அங்கன மருந்தும் செலுத்தணும்னா எங்க ஒடம்பு என்ன இரும்பா?" என்றாள் ஒருத்தி. அவளும் நல்லவள்தான். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்த எதிர்வீட்டு அத்தை அவள். எல்லோரும் நல்லவர்களாக இருந்துகொண்டே ஒரு மனுஷியை மெதுவாக மூச்சடைக்க வைக்க முடியும் என்பதை அந்தத் தெருவில்தான் கற்றேன்.

அடுத்தடுத்த நாட்களிலும் கேட்டேன். கெஞ்சினேன், கத்தினேன். ஒரு நாள் ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போனேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "போடு தாயி, போடு. வண்டி மொதலாளி வண்டிதான, எனக்கென்ன" என்றார். செங்கல்லைக் கீழே போட்டுவிட்டு வந்தேன். முதலாளி என்ற சொல்லைக் கேட்டதும்தான் கம்பெனிக்கே போய்ப் பேசினால் என்ன என்று தோன்றியது.

மறுநாள் அச்சாபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, பெண்களோடு பெண்களாக அந்த வேனில் ஏறினேன். நாரணாபுரம் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத கரட்டு வெளியில் கம்பெனி இருந்தது. கேட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே ஒரு சிவப்புப் பலகை. அதில் கொட்டை எழுத்தில் 'இஞ்சினை நிறுத்தவும்' என்று எழுதியிருந்தது.

பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் டிரைவர் சாவியைத் திருகினார். இஞ்சின் அடங்கியது. அத்தனை நாள் என் ஜன்னலில் அடங்காத இஞ்சின், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையைப் போல அங்கே அடங்கியது. பெண்கள் இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே நடந்தார்கள். தலையில் குத்தியிருந்த ஊசியைக்கூட ஒருத்தி எடுத்து முடிந்து வைத்தாள். எவ்வளவு பணிவு, எவ்வளவு கவனம்! குருவி பறக்கிற சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி.

கேட்டில் நின்ற போர்மேன் நான் சொன்னதைப் பாதி கேட்டார். "கேட்டுக்கு உள்ள நடக்கிறதுக்குத்தான்ம்மா நாங்க பொறுப்பு. தெருவுல நடக்கிறதுக்கு நாங்க என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சீசன் நேரம், ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது என்று போகிற போக்கில் சொன்னார்.

திரும்பி வந்து வேனில் ஏறினேன். டிரைவர் சாவியைத் திருகினார். ஒரே திருகு. இஞ்சின் பிடித்துக்கொண்டது.

என் உடம்பெல்லாம் எரிந்தது. "செல்ஃப் எடுக்காதுன்னீகளேண்ணே!"

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "எடுக்கும் தாயி" என்றார்.

"இங்க மட்டும் ஆஃப் பண்றீக?"

"இங்க மருந்து இருக்கு தாயி. ஒரு பொறி விழுந்தா அம்புட்டும் போயிரும்."

"எங்க வீட்டுல ஆளு இருக்குண்ணே."

அவர் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார். திருத்தங்கல் ரயில்வே கேட் வந்து நின்றபோதுதான் வாய் திறந்தார். கேட் சாத்தியிருந்தது. முன்னும் பின்னும் பஸ், லாரி, பைக் எல்லாம் இஞ்சினை ஓடவிட்டபடி நின்றன.

"ஒனக்கு உள்ளதைச் சொல்றேன். அந்தச் சத்தம் கேட்டாத்தான் பொம்பளைக வர்றாக. கடிகாரம் பார்த்து வர்ற பொம்பளை ஒங்க தெருவுல எவ இருக்கா? இஞ்சின் சத்தம் கேட்டதும் உலையை எறக்குவா. ரெண்டு தடவை ரேஸ் கொடுத்தா டிபன் வாளியைத் தூக்குவா. மூணாவது ரேஸுக்கு ஓடி வருவா. ஆஃப் பண்ணிட்டா, வண்டி இப்பதைக்குக் கெளம்பாதுன்னு உக்காந்து தலை சீவுவா. நான் லேட்டாப் போனா என்னைத்தான் திட்டுவாக."

அதாவது, என் அம்மாவின் மூச்சைத் தின்றுகொண்டிருந்தது வெறும் மணிச் சத்தம். கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் இரும்புத் துண்டைத் தட்டிச் செய்கிற வேலையை எங்கள் தெருவில் டீசலை எரித்துச் செய்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஹாரன்னு ஒண்ணு எதுக்குண்ணே வச்சிருக்கீக?" என்று கேட்டேன். "ஹாரனை எவ மதிக்கா? பால்காரன் அடிக்கான், ஐஸ்காரன் அடிக்கான்" என்றார். தெருவில் ரெண்டு மூன்று வீடுகளில் செல்போன் வந்திருந்தது. கம்பெனிக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை என்பதால் பெண்கள் அதைத் தொடுவதில்லை. வேறு வழி யோசிக்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. மூச்சு முட்டியது எங்கள் ஒரு வீட்டில்தானே.

ஆனாலும் பொய் பிடிபட்ட வெட்கம் டிரைவருக்கு இருந்தது. மறுநாள் வந்து திரும்பி நின்றதும் அணைத்தார்.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா வழக்கம்போல எழுந்து உட்கார்ந்து, கையை ஊன்றி, வரப்போகிற புகைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சாய்ந்து படுத்தாள். அடுத்த நாளும் அணைத்தார், அதற்கு அடுத்த நாளும். அம்மா விடிந்த பிறகும் தூங்கினாள். காபியை ஒரே மூச்சில் குடித்தாள். என்னைத் திட்டக்கூடச் செய்தாள், அவ்வளவு தெம்பு வந்துவிட்டது. நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் வாய் கூசுகிறது, அத்தனை குறைவான நாட்கள் அவை.

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார்கள். ஒரு நாள் எதிர்வீட்டு அத்தை வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், ஒரு குரல் கொடுத்தார், கிளம்பிவிட்டார். அத்தை இடுப்பில் டிபன் வாளியோடு ஓடிவந்தபோது வேன் தெருமுனையைத் தாண்டிவிட்டது. சீசன் நேரத்தில் ஒரு நாள் வராதவள் இடம் காலியாக இருக்காது. மறுநாள் அவள் போனபோது வேறொருத்தி உட்கார்ந்து மருந்து செலுத்திக்கொண்டிருந்தாளாம். அத்தையைப் பெட்டி ஒட்டுகிற ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூலி குறைந்த வேலை அது.

அன்று சாயங்காலம் வேனை விட்டு இறங்கியவள் நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள். முகத்தில் பசை காய்ந்து அப்பியிருந்தது.

"ஒங்காத்தா ஒருத்தி மூச்சு விடுறதுக்கு இந்தத் தெருவே பட்டினி கெடக்கணுமாத்தா?" என்றாள் என்னைப் பார்த்து.

"ஒரு கடிகாரம் பார்த்து எந்திரிக்க ஒங்களுக்கு என்ன கேடு அத்தை?" என்றேன் நான். எனக்கும் வாய் உண்டு.

"என்னைக் கேக்காத. உள்ள படுத்திருக்காளே, அவளைக் கேளு. இந்த வண்டிக்கு ரேஸ் கொடுக்கிற பழக்கத்தை ஆரம்பிச்சு வச்சது யாருன்னு கேளு!"

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

என் அம்மா ஒன்றும் பாவப்பட்ட ஜென்மம் இல்லை. நடமாடிய காலத்தில் வேனில் முதலில் ஏறி டிரைவருக்குப் பின் சீட்டைப் பிடிக்கிறவள் அவள்தான். தாமதமாக வருகிறவளைக் கண்டால் ஆகாது. "ரேஸ் கொடுண்ணே, அப்பத்தான் இவளுகளுக்குக் கால் எழும்பும்" என்று அந்தக் கால டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தானாம். வாசலில் நின்றபடி அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். "நான் நெறமாசமா இருக்கையில, ஓடி வர முடியாம வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வந்தேன். 'வயிறு பெரிசா இருந்தா வண்டி காத்துக்கிட்டு நிக்குமா'ன்னு சொல்லி வண்டியைக் கெளப்பச் சொன்னீகளே மதினி, மறந்து போச்சா? அன்னைக்கு அந்தப் புகைக்குள்ளதான நின்னு அழுதேன்."

அம்மா இல்லை என்று சொல்லவில்லை. மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு, "சொன்னேன்" என்றாள்.

அத்தை தான் எதிர்பார்த்த சண்டை கிடைக்காமல் வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "நாளைக்கு அந்த டிரைவர்கிட்டச் சொல்லு. வண்டி ஓடட்டும்."

"ஒனக்கு என்ன பைத்தியமாம்மா?"

"ஓடட்டும்ன்னேன்."

"செத்துருவம்மா!"

"அவ வேலை போயிருச்சுல்ல. இன்னும் எவ எவ வேலை போகணும்ங்கற? சொல்லு போ."

நான் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் வேன் வந்து நின்று அணைந்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஈரத்துணியை விலக்கி, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "அண்ணே, போட்டுவிடுண்ணே" என்று கத்தினாள். கத்தினாள் என்பது என் சொல். வெளியே கேட்டது ஒரு கீச்சுக் குரல்தான். ஆனால் டிரைவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இஞ்சினைப் போட்டார். ரேஸ் கொடுத்தார். தெருவில் கதவுகள் திறந்தன. பெண்கள் ஓடி வந்தார்கள்.

அம்மாமேல் எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்றுவரை முழுதாக அடங்கவில்லை. அவள் பட்ட கடனைத் தீர்க்கிறாளா, வீம்பு பண்ணுகிறாளா, தெருவில் தன் பெயர் கெடக்கூடாது என்று பார்க்கிறாளா என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். எதுவாக இருந்தால் என்ன, கழுத்துக்குழி மறுபடி உள்வாங்கத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

தீபாவளி நெருங்க நெருங்க லோடு கூடியது. வேன் இன்னும் சீக்கிரம் வந்தது, இன்னும் அதிக நேரம் நின்றது. கடைசி நாட்களில் அம்மாவுக்குப் புத்தி தடுமாறியது. இஞ்சின் சத்தம் கேட்டதும் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பாள். "அடியே, வண்டி வந்துருச்சு, வாளியை எங்க வச்ச?" என்பாள். நான் தோளைப் பிடித்துப் படுக்க வைப்பேன். ரேஸ் கொடுக்கும்போது மறுபடி எழுவாள். மூன்றாவது ரேஸுக்கு அவள் கால்கள் படுத்தபடியே ஓடும். போர்வைக்குள் அந்தக் கால்கள் அசைவதைப் பார்த்துவிட்டு நான் குழாயடிக்குப் போய், வேனில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாய்க்கு வந்தபடி ஏசினேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. "பாவம், புள்ளைக்கு மனசு சரியில்ல" என்றார்கள்.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால், விடிகிற நேரத்தில் அம்மா இறந்தாள். அன்று வேன் இன்னும் வந்திருக்கவில்லை. டீசல் நெடி இல்லாத காற்றில்தான் அவள் மூச்சு நின்றது.

என் அழுகைச் சத்தம் கேட்டுத் தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை. சாவு வீட்டுக்குள் வந்தால் திரும்பப் போய்க் குளிக்க வேண்டும், குளித்தால் வண்டி போய்விடும். அதனால் வாசலில் நின்றபடியே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்கள். எதிர்வீட்டு அத்தைதான் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். பொய் அழுகை இல்லை. அவள் இடுப்பில் டிபன் வாளி இருந்தது.

வேன் வந்தது. சாவு என்று யாரோ தெருமுனையிலேயே சொல்லியிருக்க வேண்டும். டிரைவர் அங்கேயே இஞ்சினை அணைத்துவிட்டு, இருந்த வேகத்தில் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வந்து, திருப்பாமலே குழாயடியில் நிறுத்தினார். இறங்கி வந்து தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்று கும்பிட்டார். திரும்பிப் பெண்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார்கள். ஹாரன் இல்லை, ரேஸ் இல்லை, ஒரு குரல்கூட இல்லை. அன்று ஒருத்தியும் வண்டியைத் தவறவிடவில்லை.

டிரைவர் சாவியில் கை வைத்துவிட்டு எடுத்துவிட்டார். பிணம் கிடக்கிற வாசலில் வண்டியைக் கிளப்ப அவருக்கு மனசு வரவில்லை. உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். பெண்கள் மறுபடி இறங்கினார்கள். டிபன் வாளிகளை வேனுக்குள் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்பக்கத்தில் கை கொடுத்து, வேனைப் பின்னோக்கியே தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். எங்க ஒடம்பு என்ன இரும்பா என்று கேட்ட அத்தையும் தோள் கொடுத்துத் தள்ளினாள். இஞ்சின் பிடித்த சத்தம் எங்கோ தூரத்தில்தான் கேட்டது.

இத்தனை நாளாக முடியாது என்று சொன்ன எல்லாவற்றையும் அவர்கள் ஒரே காலையில் செய்துவிட்டார்கள். நேரத்துக்கு வந்தார்கள், அணைத்தார்கள், தள்ளினார்கள். அம்மா உயிரோடு இருந்தபோது நான் கேட்டது இதில் பாதிகூட இல்லை. நான் உள்ளே போய் ஜன்னல் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, ஜன்னல் கதவை முழுசாகத் திறந்து வைத்தேன்.